தண்ணீர் குடிக்காத குழந்தையும் 50 மில்லி டம்ளரும்

ஒன்றே முக்கால் வயது, எடை 10 கிலோ. பால் பாட்டிலைப் பார்த்தால் ஓடி வரும், தண்ணீர் டம்ளரைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். மலம் இறுகி இரண்டு நாளுக்கு ஒருமுறைதான். மதியத்துக்கு மேல் சிறுநீர் அடர் மஞ்சள். வீடு வடசென்னை தண்டையார்பேட்டையில், தலைக்கு நேர் மேலே மொட்டை மாடி. போதாததற்குக் கத்திரி வெயில். இந்த நிலையிலிருந்து, பகலில் தண்ணீரும் மோருமாக 400 மில்லி அழுகையில்லாமல் உள்ளே போகும் நிலைக்குக் கொண்டுவந்த முறையைச் செய்த வரிசையிலேயே எழுதியிருக்கிறோம். எது எடுபடவில்லை, ஏன் எடுபடவில்லை என்பதும் அந்தந்த இடத்திலேயே வரும்.

முதல் வேலை: தராசு

"அரை டம்ளர் குடிச்சிட்டான்" என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. நம் வீட்டு டம்ளர்களில் 100 மில்லியும் உண்டு, 250 மில்லியும் உண்டு. சமையலறை டிஜிட்டல் தராசு 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். 1 கிராம் வரை காட்ட வேண்டும், அவ்வளவுதான். காலி டம்ளரை வைத்து பூஜ்யமாக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் 1 கிராம் என்பது 1 மில்லி. குடித்து முடித்ததும் மிச்சத்தை மறுபடி எடை போட வேண்டும். கழுத்தில் ஒரு துண்டைக் கட்டி, அதையும் முன்னும் பின்னும் தராசில் வைத்தால் சட்டைக்குப் போனது எவ்வளவு, வயிற்றுக்குப் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில் 40 மில்லி "குடித்த" குழந்தையின் துண்டில் 25 மில்லி இருப்பது சாதாரணம். இந்த வயதில் ஒரு மடக்கு என்பதே ஏறத்தாழ 5 மில்லிதான்.

வெளியே போவதையும் அளக்கலாம். காய்ந்த டயப்பரை ஒருமுறை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் மட்டும் போன டயப்பரின் எடையிலிருந்து அதைக் கழித்தால் மில்லி கணக்கு வந்துவிடும். கிலோவுக்கு மணிக்கு 1 மில்லியாவது போக வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 240 மில்லி என்பது கீழ்வரம்பு. அதற்குமேல் தாராளமாகப் போனால் பதற வேண்டாம்.

அளவோடு நேரத்தையும் எழுத வேண்டும். இந்த முழு வேலையிலும் அதிகம் உதவியது அந்த நேரக் குறிப்புதான். எழுதிப் பார்த்தபோது தெரிந்தது இது: காலை 6 மணி, 9 மணி, இரவு 8 மணி, நடுச்சாமம் என்று நான்கு பாட்டில், ஒவ்வொன்றிலும் 200 மில்லி பால். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, வெயில் கொளுத்தும் அந்த ஏழு மணி நேரத்தில், சோற்றோடு போகும் இரண்டு வாய்த் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

கணக்கு

ஹாலிடே, சீகர் என்ற இரு மருத்துவர்கள் 1957-இல் கொடுத்த சூத்திரம் இன்றும் குழந்தைகள் வார்டில் புழக்கத்தில் இருக்கிறது. முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு கிலோவுக்கு 50 மில்லி. ஊசி வழியாகத் திரவம் ஏற்றுவதற்காக வந்த கணக்கு என்றாலும் வீட்டுக்கு ஒரு தோராயம் கிடைக்கிறது. 10 கிலோவுக்கு 1000 மில்லி, 12 கிலோவுக்கு 1100 மில்லி. பால், சோறு, பழம், தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் இந்த அளவு. தண்ணீர் மட்டுமே ஒரு லிட்டர் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையைப் பாடாய்ப் படுத்தக் கூடாது.

நான்கு பாட்டில் பாலிலேயே 700 மில்லி தண்ணீர் இருக்கிறது. கொஞ்சநஞ்சம் சாப்பிடும் சாப்பாட்டில் 200. மொத்தம் 900. ஆகவே நாள் கணக்கில் பெரிய பற்றாக்குறை இல்லை. பாலில் வயிறு நிரம்பிவிடுவதால் தாகமும் இல்லை, பசியும் இல்லை. சோறு, காய், பழம் குறைந்து நார்ச்சத்து குறைய, மலம் இறுகுகிறது. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பால் கூடக் கூட ரத்தசோகைக்கு வழி ஏற்படும். தண்ணீர் குடிக்காத பிள்ளை என்று பெயர் வாங்கும் பல பிள்ளைகளின் கதை இதுதான். பாலைத் தொடாமல் தண்ணீரைக் கூட்ட எடுக்கும் எந்த முயற்சியும் பாதியில் நிற்கும்.

திட்டமிட்ட புதுக் கணக்கு: பால் 400 மில்லி, அதில் தண்ணீர் 350. குழைந்த ரசம் சாதம் இரு வேளைக்கு 200 கிராம், அதில் 160. சின்ன இட்லி இரண்டில் 50. தயிர் 50 கிராமில் 44. பாதி வாழைப்பழத்தில் 37. கூட்டினால் 640 சொச்சம். பாக்கி 360 மில்லியைத் தண்ணீராகவோ மோராகவோ கொடுக்க வேண்டும். புழுக்கமான நாளில் 400, 450 என்று போகலாம்.

பாலைக் குறைத்தது

நடுச்சாம பாட்டில்தான் முதலில். 150 பால், 50 தண்ணீர் என்று கலந்து, இரண்டு இரவுக்கு ஒருமுறை பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். அதற்காக எழுந்து அழும் பழக்கம் தானாக ஓய்ந்துவிடும். படுத்தபடி பால் குடித்துத் தூங்குவதால் முன்பற்கள் சொத்தையாவதும் இதோடு நிற்கும். இந்தக் கலப்பு வித்தையைப் பகல் பாட்டிலில் செய்யக் கூடாது. தண்ணீர்ப் பாலால் வயிறு நிறையும், சத்து குறையும், பாட்டில் கையை விட்டுப் போகவே போகாது.

9 மணி பாட்டில் இருந்த இடத்தில் இட்லி வந்தது. மிச்சம் காலை ஒன்று, இரவு ஒன்று, இரண்டும் டம்ளரில். இரவுப் பாலைப் பல் துலக்குவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அதை நிறுத்தத் தேவையே இல்லை.

பாத்திரம்

காசு அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். கொட்டாத சிப்பர் என்று 250 முதல் 400 ரூபாய் வரை விற்கிறார்கள். கொட்டாமல் இருப்பதற்காக மூடிக்குள் ஒரு சிலிக்கான் வால்வு இருக்கிறது, அதைத் திறக்கப் பிள்ளை பலமாக உறிஞ்ச வேண்டும். பாலுக்காக அந்த உழைப்பைச் செய்யும் பிள்ளை, தண்ணீருக்காகச் செய்யாது. வால்வைப் பிதுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்புக்குள் கரும்புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அந்த வாடைக்கே பிள்ளை முகத்தைத் திருப்பும்.

வேலைக்கு வந்தது 50 மில்லி எவர்சில்வர் டம்ளர். தங்கசாலைப் பக்கம் பாத்திரக் கடைகளில் ஒன்று 40, 60 ரூபாய். வாங்கும்போது விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், வெளிப்பக்கம் சுருட்டி மடித்திருக்க வேண்டும். வெட்டு விளிம்பு உதட்டை அறுக்கும். வாய் அகலம் 4.5 முதல் 5 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு கையாலும் பிடிக்க வரும். அதற்கு மேல் அகலமானால் தண்ணீர் மூக்குக்கு ஏறும். நிரப்பவே கூடாது, 20 மில்லி போதும். கொட்டினால் கையளவு தண்ணீர்தான், யாருக்கும் கோபம் வராது. குடித்து முடித்தால் "காலி!" என்று கவிழ்த்துக் காட்டப் பிள்ளைக்கே ஆசையாக இருக்கும். 200 மில்லி டம்ளரில் 20 மில்லி குடித்தால் எதுவும் குறைந்த மாதிரியே தெரியாது, பெரியவர்கள் கெஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டாவது கருவி ஸ்ட்ரா. உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்கு இப்படிப் பழக்கலாம். மிருதுவான சிலிக்கான் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டருக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரில் பாதி முக்கி, மேல் துளையை ஆள்காட்டி விரலால் அடைத்துத் தூக்கினால் ஒன்றரை மில்லி அளவு உள்ளேயே நிற்கும். கீழ் முனையைப் பிள்ளையின் கீழுதட்டில் வையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே விடாதீர்கள். உதடு மூடியதும் விரலை எடுங்கள். தண்ணீர் தானாக நாக்கில் இறங்கும். சில தடவை செய்தபின், விரலை எடுக்காமல் ஒரு நொடி தாமதித்தால் பிள்ளை தானே உறிஞ்சிப் பார்க்கும். கன்னம் உள்ளே குழிவது கண்ணுக்குத் தெரியும். அந்த நொடியே விரலை எடுத்துவிட வேண்டும். அடுத்து, விளிம்பு வரை நிரப்பிய டம்ளரில் ஸ்ட்ராவை இறக்குங்கள். தண்ணீர் மேல்மட்டத்தில் இருப்பதால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உறிஞ்சினால் போதும். ஆழமான பாட்டிலின் அடியிலிருந்து உறிஞ்சச் சொன்னால் பாதி வழியில் கைவிட்டுவிடும். ஸ்ட்ரா கழுவும் மெல்லிய பிரஷ் கட்டாயம் வேண்டும், பால் ஊற்றிய ஸ்ட்ராவைத் தண்ணீருக்குப் பயன்படுத்தவும் கூடாது.

தண்ணீரின் ருசி

வடசென்னையில் இதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே வீட்டில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீர்), கேன் தண்ணீர், உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் என்று மூன்று இருக்கும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர் தண்ணீரின் உப்பு நாக்கிலேயே தெரியும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடும். பிள்ளைக்கு ஏதாவது ஒரு தண்ணீரை முடிவு செய்து அதையே எப்போதும் கொடுக்க வேண்டும். காலையில் கேன், மாலையில் குழாய் என்று மாற்றினால் ருசி மாறி மறுக்கும்.

20 லிட்டர் கேன் 30, 40 ரூபாய். கேன் தண்ணீராக இருந்தாலும், மூடி திறந்து குழாயைப் பொருத்தியபின் சிறு பிள்ளைக்குக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். நன்றாகத் தளதளவென்று கொதி வந்தபின் முழுதாக ஒரு நிமிடம். மழைக்காலத்தில் மெட்ரோ குழாயில் சாக்கடை கலக்கும் தெருக்களில் இதில் சமரசமே கூடாது.

காய்ச்சிய தண்ணீர் சப்பென்று இருக்கும், கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுவதுதான் காரணம். ஆறியபின் இரண்டு சுத்தமான சொம்புகளுக்கிடையே, டீக்கடையில் டீ ஆற்றுவது போல, ஐந்தாறு முறை உயரமாக ஊற்றினால் ருசி திரும்பும். செலவில்லாத வேலை, பலன் உடனே தெரியும்.

ஃபிரிட்ஜ் தண்ணீரைவிடப் பானைத் தண்ணீரைப் பிள்ளைகள் சிணுங்காமல் குடிக்கிறார்கள். சிறிய பானை 200, 300 ரூபாய். கை விட்டு மொள்ளக் கூடாது, நீளக் காம்புக் கரண்டி வேண்டும். தினமும் கொட்டிக் கழுவி, வாரம் ஒருநாள் வெயிலில் காய வைக்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் பானை ஓரளவுக்குத்தான் குளிரும். கடல்காற்று வராத மதியத்தில் ஜன்னலோரம் வைத்தால் கொஞ்சம் மேல்.

நேரம்

மணி பார்த்துக் கொடுப்பது எடுபடவில்லை. விளையாட்டின் நடுவில் டம்ளரை நீட்டினால் தட்டிவிடத்தான் செய்யும். ஒவ்வொரு வேளையையும் ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டபின்தான் ஒழுங்குக்கு வந்தது. எழுந்து வாய் கழுவியதும் 30. குளிக்கப் போகும் முன் 30 (வயிற்றில் தண்ணீர் இருந்தால் குளிக்கும் தண்ணீரைக் குடிக்கும் ஆசை குறையும்). விளையாடிவிட்டு உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும் 50. மதியச் சாப்பாட்டோடு 40. தூங்கி எழுந்ததும் 50. மாலையில் மோர் 100. விளக்கு வைத்ததும் 40. இரவுச் சாப்பாட்டோடு 30. கூட்டினால் 370. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அதிகம் கொடுத்தால் சோறு இறங்காது. இரவு எட்டுக்குமேல் தாகம் என்று கேட்டால் மட்டும்.

கொடுக்கும் ஆள் தானும் குடிக்க வேண்டும். இதற்கு இணையான வழி வேறில்லை. ஆயா தன் சொம்பை எடுத்து மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, "இந்தா கண்ணு, உன்னுது" என்று டம்ளரைத் தரையில் வைத்தால் போதும். கையில் திணிக்கக் கூடாது, பின்னால் ஓடக் கூடாது. இரண்டு நிமிடம் பார்க்கலாம், குடிக்காவிட்டால் ஒன்றும் பேசாமல் எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை இருக்கிறது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் இதற்கு உடன்பட வேண்டும், ஒருவர் கெஞ்சினாலும் பழக்கம் கெட்டுப்போகும்.

சொப்பு விளையாட்டும் கைகொடுக்கும். சின்ன எவர்சில்வர் சொப்புக் குடத்தில் குடிதண்ணீரை ஊற்றிக் கொடுத்தால் ஊற்றி ஊற்றித் தானே குடிக்கும். வண்ணம் பூசிய மரச் சொப்பு இதற்கு ஆகாது.

சோற்றிலும் பழத்திலும்

மோர்: கெட்டித் தயிர் 30 மில்லி, தண்ணீர் 90 மில்லி, நன்றாகக் கடைந்து வெண்ணெய்த் திட்டு இல்லாமல் வடிகட்டியது. உப்பு ஒரு சிட்டிகைக்கும் குறைவு. மிளகாய், இஞ்சி வேண்டாம். செம்பிலோ பித்தளையிலோ வைக்கக் கூடாது.

கேழ்வரகுக் கஞ்சி: 10 கிராம் மாவுக்கு 200 மில்லி தண்ணீர், கைவிடாமல் கிளறிக் காய்ச்சி ஆற வைத்தால் டம்ளரில் குடிக்கும் பதம். தெருவோரக் கூழ் ருசிதான், ஆனால் அதில் கரைக்கும் தண்ணீர் எது என்று தெரியாது.

தர்பூசணியில் 100 கிராமுக்கு 92 மில்லி தண்ணீர். விதையைச் சுத்தமாக எடுத்து விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். வெள்ளரியை இந்த வயதில் துருவித் தயிரில் சேர்ப்பதுதான் நல்லது, வட்டமாக வெட்டினால் தொண்டையில் நிற்கும். நுங்கு கோடைக்கு அருமையானது. நகம் பட்டால் நீர் பீறிடும் இளசு மட்டுமே வாங்கி, பழுப்புத் தோலை உரித்து, மசித்துக் கொடுக்க வேண்டும். முற்றிய நுங்கு வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும். ஊறிய சப்ஜா விதையும் இந்த வயதுக்கு வேண்டாம். இளநீர் சீவியவுடன் 50 முதல் 100 மில்லி தரலாம்.

பழச்சாறு ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது, ஒன்று முதல் மூன்று வயது வரை நாளைக்கு 120 மில்லிக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வரையறை. பழத்தையே கொடுப்பது இன்னும் நல்லது. பாக்கெட் ஜூஸ், குளுக்கோஸ் பவுடர், தள்ளுவண்டி சர்பத்தின் ஐஸ் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். டீயில் நனைத்த பொறையைப் பிள்ளைக்கு ஊட்டுவது நம் தெருக்களில் வழக்கம். ஆசையாகத்தான் தருகிறார்கள், ஆனால் டீ உணவிலிருக்கும் இரும்பைச் சேரவிடாது. பொறையைப் பாலில் நனைத்துக் கொடுக்கலாம்.

செய்யவே கூடாதவை

மூக்கைப் பிடித்து ஊற்றுவது, படுக்க வைத்து சிரிஞ்சில் பீச்சுவது, அழும்போது வாயில் விடுவது: மூன்றிலும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகும். புரையேறிப் பயந்த பிள்ளை பிறகு டம்ளரைக் கண்டாலே அலறும். நல்லதுதானே என்று வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஏற்றுவதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம்.

இதுவரை குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மறுத்தால் அது அடமாக இருக்காது. டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். நாக்கில், உள்ளுதட்டில், அண்ணத்தில் புண்கள், கூடவே உள்ளங்கையில் பருக்கள் இருந்தால் கை, கால், வாய் நோயாக இருக்கலாம். குளிர்ந்த மோர், ஆறிய கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். புளிப்பும் உப்பும் எரியும்.

வயிற்றுப்போக்கு நாட்களில்

மேலே சொன்ன கணக்கெல்லாம் அன்று செல்லாது. ஓ.ஆர்.எஸ். தூள் (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் கொடுப்பது) நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி 20.5 கிராம் உறை முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. 200 மில்லிக்கான சின்ன உறைகளும் உண்டு. உறையில் எழுதியிருப்பதைப் படித்து அதே அளவுத் தண்ணீரில் முழு உறையையும் கரைக்க வேண்டும். பெரிய உறையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து டம்ளரில் போடும் வழக்கம் தவறு. உப்பு கூடினால் கெடுதல், குறைந்தால் பலனில்லை. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது.

இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு தடவை பேதியானதும் 50 முதல் 100 மில்லி, இரண்டுக்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு சின்னக் கரண்டி. இங்கே 5 மில்லி கரண்டிதான் கருவி, டம்ளர் வேண்டாம். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை 14 நாள் தருவது வழக்கம், சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். கடையில் டெட்ராபேக்கில் விற்கும் இனிப்பு பானங்களை நம்ப வேண்டாம். சூத்திரத்தில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்று ஆகாது.

ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, கண்ணீர் இல்லாத அழுகை, உலர்ந்த நாக்கு, குழிந்த கண், கிள்ளிய வயிற்றுத் தோல் மெதுவாகத் திரும்புவது, துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, அல்லது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. வண்டி இல்லையென்றால் 108. போகும் வழியிலும் கரண்டியை நிறுத்தக் கூடாது.

செலவும், அடுத்த முறை மாற்ற வேண்டியதும்

தராசு 400, டம்ளர் இரண்டு 100, ஸ்ட்ராவும் பிரஷும் 150, பானை 250. ஏறத்தாழ 900 ரூபாய். இதில் தராசை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கினாலும் போதும்.

எதையும் வாங்குவதற்கு முன் மூன்று நாள் நேரமும் அளவும் எழுதுவதுதான் முதலில் செய்ய வேண்டியது, பாத்திரம் பிறகு. அடுத்த பிள்ளைக்கு ஆறு மாதத்தில் சாப்பாடு தொடங்கும்போதே ஒவ்வொரு வேளையோடும் டம்ளரில் 10, 20 மில்லி காட்டிவிட வேண்டும், ஒன்பது மாதத்தில் ஸ்ட்ரா, ஒரு வயதோடு பாட்டிலுக்கு விடை. பானையைச் சித்திரையில் ஓடிப்போய் வாங்கக் கூடாது. புதுப் பானையில் மண்வாடை போக ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொட்ட வேண்டியிருக்கிறது, அந்த வாடையுள்ள தண்ணீரைப் பிள்ளை ஒருமுறை துப்பினால் மறுபடி அந்தப் பக்கமே வராது. மாசியிலேயே வாங்கிப் பழக்கிவிட வேண்டும்.